விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு வந்தபின் கேம் ஓடவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, பிராசசர் பழசு என்று விண்டோஸ் 11 ஏற மறுக்கவே, லினக்ஸ் பக்கம் வந்தவர்கள் பலர். அப்படி வந்த நண்பர்கள் முதல் வாரத்திலேயே எனக்கு அனுப்பும் செய்தி ஏறக்குறைய ஒன்றுதான்: "பிளே அழுத்துகிறேன், ஒன்றுமே நடக்கவில்லை. பேசாமல் விண்டோஸையே திரும்பப் போட்டுவிடட்டுமா?"

கொஞ்சம் பொறுங்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது விண்டோஸ் காலத்துப் பழக்கம். லினக்ஸில் அதனால் பெரும்பாலும் பயன் இருக்காது. ஒரு விண்டோஸ் கேம் லினக்ஸில் ஓட நான்கு அடுக்குகள் சரியாக இருக்க வேண்டும்: கேம் இருக்கும் டிஸ்க், கிராபிக்ஸ் டிரைவர், நடுவில் மொழிபெயர்க்கும் புரோட்டான், கடைசியாக ஆன்லைன் கேம்களில் ஏமாற்றுபவர்களைத் தடுக்கும் ஆன்டி-சீட். திரையில் தெரியும் அறிகுறியே எந்த அடுக்கில் கோளாறு என்று பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அந்த அடுக்கை மட்டும் தொட்டால் போதும்.

புரோட்டான் என்பது ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்ட 1993-இல் தொடங்கிய ஒயின் திட்டத்தின் மேல் கட்டப்பட்டது. விண்டோஸ் கேம்கள் கிராபிக்ஸ் கார்டோடு பேசும் மொழி டைரக்ட்3டி, லினக்ஸில் அந்த வேலையைச் செய்வது வல்கன். புரோட்டானுக்குள் இருக்கும் டிஎக்ஸ்விகே, டைரக்ட்3டி 8 முதல் 11 வரையிலான அழைப்புகளை வல்கனுக்கு மாற்றுகிறது. டைரக்ட்3டி 12-க்கு விகேடி3டி-புரோட்டான். ஆக எல்லாம் கடைசியில் வல்கனில் போய் நிற்கிறது. வல்கன் டிரைவர் சரியில்லை என்றால் மேலே எதை மாற்றினாலும் பயனில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி வரும்.

இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்ததும் கேமைத் திறந்து பாருங்கள். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பிளே அழுத்தினால் சில நொடி ‘ஸ்டாப்’ என்று காட்டிவிட்டு மீண்டும் ‘பிளே’ ஆகிவிடுகிறது

அதிகம் பார்ப்பது இதைத்தான். முதலில் கேட்க வேண்டிய கேள்வி: கேம் எந்த டிஸ்க்கில் இருக்கிறது?

விண்டோஸில் டி டிரைவில் 300 ஜிபி கேம் இருக்கும். அதை மறுபடி டவுன்லோடு செய்ய மனம் வராமல், அதே டிரைவை லினக்ஸ் ஸ்டீமில் லைப்ரரியாகச் சேர்த்துவிடுவார்கள். கேம்கள் பட்டியலில் வந்துவிடும், ஆனால் ஓடாது. காரணம், அந்த டிரைவ் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவத்தில் இருப்பது. புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குட்டி விண்டோஸ் போன்ற கோப்புறையை உருவாக்குகிறது. அதற்குப் பெயர் பிரிஃபிக்ஸ். அதற்குள் சிம்லிங்க்குகளும் (வேறு கோப்புகளைச் சுட்டும் இணைப்புகள்), ‘சி’ எழுத்தை அடுத்து முக்காற்புள்ளி வரும் பெயர்களும் இருக்கும். கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை விண்டோஸ் ஏற்காது. என்டிஎஃப்எஸ் டிரைவில் இந்தப் பிரிஃபிக்ஸ் ஒழுங்காக உருவாகாமல் போகலாம். உருவானாலும், அடுத்த முறை விண்டோஸ் அந்த டிஸ்க்கைச் சோதிக்கும்போது ‘பிழை’ என்று நினைத்துக் கெடுத்துவிடலாம்.

இதே டிரைவில் இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி ஆனில் இருந்தால், ஷட்டவுன் செய்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த டிரைவை லினக்ஸ் படிக்க மட்டும் அனுமதிக்கும், எழுத விடாது. ஸ்டீம் ‘டிஸ்க் ரைட் எரர்’ என்று சொன்னால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் வழியாகப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுத்துவிட வேண்டும்.

நிரந்தரத் தீர்வு, கேமை லினக்ஸின் வடிவங்களான இஎக்ஸ்டி4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் பார்ட்டிஷனுக்கு மாற்றுவது. அதற்காக 300 ஜிபியை மறுபடி இறக்க வேண்டியதில்லை. புதிய பார்ட்டிஷனை ஸ்டீம் செட்டிங்ஸின் ‘ஸ்டோரேஜ்’ பகுதியில் சேருங்கள். அதற்குள் உருவாகும் ‘ஸ்டீம்ஆப்ஸ்’ கோப்புறையின் ‘காமன்’ என்ற இடத்தில், பழைய டிரைவிலிருந்து கேம் கோப்புறையை அப்படியே காப்பி செய்யுங்கள். பிறகு ஸ்டீமில் அந்தக் கேமுக்கு ‘இன்ஸ்டால்’ கொடுத்து, புதிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே இருக்கும் கோப்புகளை அது சரிபார்த்துவிட்டு, குறையாக இருப்பதை மட்டும் இறக்கிக்கொள்ளும். மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவர்களுக்கு இது பெரிய மிச்சம்.

டிஸ்க்கில் குறை இல்லையா? அடுத்து ஸ்டீமை எங்கிருந்து போட்டீர்கள் என்று பாருங்கள். உபுண்டுவின் ஆப் சென்டரில் கிடைக்கும் ஸ்னாப் வடிவ ஸ்டீம் பல விதமாகத் தகராறு செய்யும். வால்வின் சொந்த டெப் கோப்பை இறக்கி நிறுவுவதே நல்லது. ஃபிளாட்பேக் வடிவம் என்றால் அதற்கு வெளி டிரைவுகளைப் பார்க்க அனுமதி இருக்காது. ஃபிளாட்சீல் என்ற சிறு செயலியில் அந்த டிரைவின் பாதையைச் சேர்த்தால் போதும்.

மூன்றாவதாகப் புரோட்டான் பதிப்பு. கேமின் பெயரில் ரைட் கிளிக் செய்து, ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘காம்பாட்டிபிலிட்டி’ என்று போனால் பதிப்பை மாற்றலாம். முதலில் ‘எக்ஸ்பெரிமென்டல்’, அதுவும் ஆகவில்லை என்றால் வால்வுக்கு வெளியே தயாராகும் ஜிஇ-புரோட்டான். இரண்டாவதை ‘புரோட்டான்அப்-க்யூடி’ என்ற செயலி வழியாக இரண்டே கிளிக்கில் நிறுவலாம், பிறகு ஸ்டீமை மூடித் திறக்க வேண்டும். கேமுக்கு நேரடி லினக்ஸ் பதிப்பு இருந்தாலும் இதே இடத்தில் புரோட்டானைக் கட்டாயப்படுத்திப் பாருங்கள். பல வருடம் முன்பு வெளியிட்டுக் கவனிக்காமல் விட்ட லினக்ஸ் பதிப்புகளைவிட, விண்டோஸ் பதிப்பு புரோட்டானில் நன்றாக ஓடுவது சாதாரணம்.

கடைசி வழி பிரிஃபிக்ஸைப் புதிதாக உருவாக வைப்பது. ‘ஸ்டீம்ஆப்ஸ்’ உள்ளே ‘காம்பாட்டேட்டா’ கோப்புறையில் ஒவ்வொரு கேமும் ஒரு எண்ணாக இருக்கும். ஸ்டீம் கடையில் அந்தக் கேமின் பக்க முகவரியில் வரும் எண்ணேதான் அது. அந்தக் கோப்புறை இல்லாவிட்டால், அடுத்த முறை கேம் திறக்கும்போது புதிதாக உருவாகிக்கொள்ளும். ஆனால் தயவுசெய்து அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். கிளவுட் வசதி இல்லாத கேம்களின் சேவ் கோப்புகள் பெரும்பாலும் அதற்குள்தான், ‘யூசர்ஸ்’ கோப்புறையின் ‘ஸ்டீம்யூசர்’ பகுதியில் இருக்கின்றன. என் தம்பி இரண்டு மாதமாக இரவுகளில் ஆடிச் சேர்த்த ஒரு சேவ் கோப்பை நான் இப்படி அவசரத்தில் அழித்திருக்கிறேன். அவன் ஒரு வார்த்தை கோபப்படவில்லை, அந்தக் கேமை அப்புறம் திறக்கவும் இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேம் திறக்கிறது, ஆனால் நொடிக்கு ஐந்து பிரேம்தான்

பழைய கேமே இப்படி நகர்ந்தால், உங்கள் கிராபிக்ஸ் கார்டு வேலையே செய்யவில்லை. சிஸ்டம் செட்டிங்ஸில் ‘அபவுட்’ பக்கத்தைத் திறந்து, கிராபிக்ஸ் என்ற இடத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ‘எல்எல்விஎம்பைப்’ என்று இருந்தால் பிராசசரே படம் வரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஏஎம்டி கார்டுகளுக்குத் தனியாக எதுவும் நிறுவ வேண்டாம், டிரைவர் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிலும், மீசா என்ற கிராபிக்ஸ் தொகுப்பிலும் கூடவே வருகிறது. என்விடியாவுக்கு அதன் சொந்த டிரைவர் வேண்டும். மின்ட், உபுண்டு இரண்டிலும் ‘டிரைவர் மேனேஜர்’ அல்லது ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ வழியாகப் போடுங்கள். விண்டோஸ் பழக்கத்தில் என்விடியா தளத்துக்குப் போய்க் கோப்பை இறக்கி ஓட்ட வேண்டாம். அடுத்த கெர்னல் அப்டேட்டில் திரை கறுப்பாகி நிற்க வாய்ப்பு உண்டு.

டிரைவர் போட்ட பிறகும் அதே நிலை என்றால், கையொப்பம் இல்லாத டிரைவர்களைத் தடுக்கும் செக்யூர் பூட் வசதியைப் பாருங்கள். அது ஆனில் இருக்கும்போது என்விடியா டிரைவரை நிறுவினால் ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுபடி ஆன் ஆகும்போது ‘எம்ஓகே மேனேஜ்மென்ட்’ என்று ஒரு நீலத் திரை வரும். அதில் ‘என்ரோல் எம்ஓகே’ தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். என்னவோ ஏதோ என்று பயந்து பலர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். சில நொடிகள் யாரும் எதுவும் அழுத்தாவிட்டால் அதுவே போய்விடும். அதைத் தவறவிட்டால் டிரைவர் இருந்தும் ஏறாது. டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி நிறுவினால் அந்தத் திரை திரும்ப வரும்.

கார்டின் வயதும் முக்கியம். ஜிடிஎக்ஸ் 900, ஜிடிஎக்ஸ் 1000 வரிசைகளுக்கு 580 கிளைதான் கடைசி டிரைவர். அதற்குப் புதியதைப் போட்டால் கார்டையே அடையாளம் காணாது. ஜிடிஎக்ஸ் 600 வரிசையும் 700-இல் பெரும்பாலானவையும் 470-ஓடு நின்றுவிட்டன. அந்த டிரைவரில் வல்கன் 1.3 கிடையாது, டிஎக்ஸ்விகே 2-க்கோ அது கட்டாயம். நான்காம் தலைமுறை இன்டெல் பிராசசருக்குள்ளேயே வரும் கிராபிக்ஸுக்கும் இதே குறை. அவற்றில் பழைய புரோட்டான் பதிப்புகளை முயலலாம், பழைய கேம்கள் ஓடும். புதிய கேம்களை எதிர்பார்த்து அந்த இயந்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணம். உள்ளே இன்டெல், என்விடியா என்று இரண்டு கார்டு இருக்கும், கேம் தவறான கார்டில் ஓடும். உபுண்டு, மின்டில் என்விடியா செட்டிங்ஸ் திறந்து ‘பிரைம் ப்ரொஃபைல்ஸ்’ பகுதியில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ வைத்துவிட்டுக் கணினியை ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது. பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதால், பிறகு ‘ஆன்-டிமாண்ட்’ வைத்துக்கொண்டு கேமுக்கு மட்டும் மாற்றலாம். ப்ராப்பர்ட்டீஸில் உள்ள ‘லாஞ்ச் ஆப்ஷன்ஸ்’ பெட்டியில், ஆங்கிலச் சிறிய எழுத்தில் ‘பிரைம்-ரன்’ என்று எழுதி, ஒரு இடைவெளி விட்டு, இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ‘கமாண்ட்’ என்று சேர்க்க வேண்டும். சார்ஜர் செருகியிருக்கிறதா, பவர் மோட் ‘பேட்டரி சேவரில்’ கிடக்கிறதா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

புதுக் கேம் முதல் அரை மணி நேரம் திக்கித் திக்கி ஓடுகிறது, அப்புறம் சரியாகிறது

இது கோளாறு இல்லை. கேமின் ஷேடர்களை (படம் வரையும் சிறு நிரல்கள்) உங்கள் கார்டுக்கு ஏற்றபடி முதல் தடவை தொகுக்க வேண்டியிருக்கிறது. ‘ப்ராசசிங் வல்கன் ஷேடர்ஸ்’ என்று ஸ்டீம் காட்டும்போது ‘ஸ்கிப்’ அழுத்தாமல் விடுங்கள். ஸ்டீம் செட்டிங்ஸின் ‘டவுன்லோட்ஸ்’ பகுதியில் ஷேடர்களைப் பின்னணியில் தயாரிக்க ஒரு விருப்பம் உண்டு, அதை ஆன் செய்தால் காத்திருப்பு குறையும். டிரைவர் அப்டேட் ஆன மறுநாள் இதே திக்கல் மறுபடி வருவதும் இயல்பு.

பத்து நிமிடம் நன்றாக ஓடி, ஒரு செய்தியும் இல்லாமல் மூடிக்கொள்கிறது

பெரிய கேம்கள் நினைவகத்தை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்துப் பயன்படுத்தும். ஒரு செயலிக்கு எத்தனை துண்டு என்று கெர்னலில் ஓர் உச்சவரம்பு உண்டு. ‘மேக்ஸ் மேப் கவுண்ட்’ என்பார்கள். பழைய டிஸ்ட்ரோக்களில் (உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளில்) அது 65530. ஃபெடோரா 39-லும் உபுண்டு 24.04-லும் அதை 1048576 ஆக உயர்த்திவிட்டார்கள். உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்ட மின்ட் 22-க்கும் அது பொருந்தும். ஆகவே பழைய பதிப்பில் இருப்பவர்களுக்கு என் யோசனை, அந்த எண் இருக்கும் கோப்பைத் திருத்துவதைவிடப் புதிய பதிப்புக்கு மாறிவிடுங்கள். டிரைவரும் மீசாவும் கூடவே புதிதாகிவிடும்.

எண் சரியாக இருந்தும் மூடினால் ரேம் போதவில்லையா என்று பாருங்கள். 8 ஜிபி இயந்திரத்தில் பிரவுசரை மூடிவிட்டு ஆடிப் பாருங்கள். ஸ்வாப் (ரேம் நிரம்பினால் டிஸ்க்கில் பயன்படும் இடம்) ஒன்றுமே வைக்காமல் நிறுவியிருந்தால் அதையும் சேர்க்க வேண்டும்.

கதைக் காட்சி வரும் இடத்தில் வண்ணப் பட்டைகள் மட்டும் தெரிகின்றன

அந்த வீடியோவைப் படிக்கும் கோடெக் உரிமச் சிக்கல் காரணமாக வால்வின் புரோட்டானில் இல்லை. ஜிஇ-புரோட்டானுக்கு மாற்றுங்கள், பெரும்பாலும் உடனே வந்துவிடும்.

ஆன்லைன் கேம் உள்ளே விடவே மாட்டேன் என்கிறது

இங்கே உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன்: இதை உங்களால் சரிசெய்ய முடியாது.

ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற பிரபல ஆன்டி-சீட்கள் இரண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு வழி செய்துவிட்டன. ஆனால் அந்த வழியைத் திறப்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு கேம் நிறுவனத்தின் கையில். எல்டன் ரிங் திறந்து வைத்திருக்கிறது, ஓடுகிறது. ஃபோர்ட்நைட் திறக்கவில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் திறந்து வைத்திருந்து, 2024 அக்டோபர் கடைசியில் மூடிவிட்டது. ஜிடிஏ ஆன்லைனுக்கு 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ வந்தது, அன்றோடு லினக்ஸில் ஆன்லைன் பகுதி நின்றது, கதைப் பகுதி மட்டும் ஓடுகிறது. வாலரண்ட், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் இரண்டும் வேன்கார்ட் என்ற ஆன்டி-சீட்டைப் பயன்படுத்துகின்றன. அது விண்டோஸ் கெர்னலுக்குள் உட்காரும் டிரைவர், புரோட்டானில் அந்தக் கெர்னலே கிடையாது. கால் ஆஃப் டியூட்டி, பேட்டில்ஃபீல்ட் 6 ஆகியவையும் இந்தப் பக்கம்தான்.

என்னிடம் யோசனை கேட்டு வருகிற இளைஞர்களில் பலர் ஆடுவது வாலரண்ட். அவர்களிடம் லினக்ஸுக்கு மாறச் சொல்லி நான் வற்புறுத்துவதில்லை. தனி எஸ்எஸ்டியில் விண்டோஸை அதற்காக மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். விர்ச்சுவல் மெஷினில் ஏமாற்றி ஓட்டும் வழிகளை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கணக்கு தடைபட்டால் வருடக்கணக்கில் சேர்த்தது போய்விடும். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டும் லினக்ஸில் நேரடியாகவே ஓடுகின்றன. மாறும் முன்பே, நீங்கள் உண்மையில் ஆடும் கேம்களின் பெயர்களை எழுதி, ‘ஆர் வீ ஆன்டி-சீட் யெட்’ தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடிவிடுங்கள்.

W அழுத்தினால் ஆள் நடக்கவில்லை, எஸ்கேப் மட்டும் வேலை செய்கிறது

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கே வரும் சிக்கல் இது, வெளியார் எழுதும் வழிகாட்டிகளில் பார்க்க முடியாது. லினக்ஸின் தட்டச்சு வசதியான ஐபஸ்ஸில் தமிழ்99 அல்லது ஃபொனெடிக் ஆனில் இருக்கும்போது கேமைத் திறந்தால், எழுத்து விசைகளை அதுவே வாங்கிக்கொள்ளும், கேமுக்குப் போகாது. சூப்பர் விசையோடு ஸ்பேஸ் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறிவிட்டுக் கேமைத் திறங்கள். நோம் மேசைத்தளத்தில், கீபோர்டு செட்டிங்ஸில் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனி மொழி என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கம் அரட்டையைத் தமிழிலும் இன்னொரு பக்கம் கேமை ஆங்கிலத்திலும் வைக்கலாம்.

கண்ட்ரோலர் இணைகிறது, துண்டிக்கிறது, இணைகிறது

ப்ளூடூத்தில் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் என்றால் ‘எக்ஸ்பேட்நியோ’ டிரைவரை நிறுவுங்கள். அதன் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் செயலி விண்டோஸில்தான் இருக்கிறது. ஆகவே விண்டோஸை அழிக்கும் முன்பே அந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

4கே டிவியில் 120 ஹெர்ட்ஸ் வரவில்லை

ஏஎம்டி கார்டில் எச்டிஎம்ஐ வழியாக இணைத்திருப்பீர்கள். திறந்த மூல டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1-ஐச் சேர்க்க ஏஎம்டி கேட்ட அனுமதியை எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் மறுத்துவிட்டது. மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதற்கு மாறுங்கள்.

விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறது

இரண்டையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு இது வரும். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் அந்த வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி. கடிகாரம் தவறாக இருந்தால், எந்த சேவ் புதியது என்று கிளவுட் குழம்பவும் வாய்ப்புண்டு. லினக்ஸ் டெர்மினலில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ என்பதை ஆங்கிலத்தில் அடித்தால், லினக்ஸும் உள்ளூர் நேரத்துக்கு வந்துவிடும்.

கேம் ஸ்டீமில் வாங்கியதே இல்லை

எபிக், ஜிஓஜி கணக்குகளுக்கு ஹீரோயிக் லாஞ்சர் போதும். அதன் அமைப்புகளிலும் புரோட்டான் பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம், மேலே சொன்னவை எல்லாம் அப்படியே பொருந்தும். மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் மட்டும் இங்கே நிறுவ முடியாது, பிரவுசரில் கிளவுட் வழியாக ஆடலாம்.

மேலே எதிலும் உங்கள் சிக்கல் அடங்கவில்லை

புரோட்டான்டிபி தளத்தில் கேமின் பெயரைத் தேடி, மதிப்பீட்டுப் பதக்கத்தை மட்டும் பார்க்காமல், உங்கள் கார்டையே வைத்திருப்பவர்கள் கடைசி சில மாதங்களில் எழுதியதைப் படியுங்கள். இரண்டு வருடம் பழைய குறிப்பு இன்று பொருந்தாது, சில சமயம் கெடுக்கவும் செய்யும். ஏற்கெனவே ‘லாஞ்ச் ஆப்ஷன்ஸ்’ பெட்டியில் யாரோ சொன்ன நீளமான வரி ஏதாவது ஒட்டியிருந்தால், அதை வெட்டி எடுத்துவிட்டு ஒரு முறை திறந்து பாருங்கள்.

பிறரிடம் உதவி கேட்கப் போகும்போது நான்கு விவரங்களைக் கையில் வைத்திருங்கள்: டிஸ்ட்ரோவும் அதன் பதிப்பும், கார்டின் பெயரோடு டிரைவர் எண், எந்தப் புரோட்டான், கேம் எந்த வகை பார்ட்டிஷனில் இருக்கிறது. ஸ்டீமின் ‘ஹெல்ப்’ மெனுவில் உள்ள ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ முதல் இரண்டையும் ஒரே பக்கத்தில் காட்டிவிடும், அதை அப்படியே காப்பி செய்து அனுப்பலாம்.